நீல வில்லை வந்த வழி

ஸ்பைக் கார்டு ஒன்றின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால், பித்தளைப் பட்டைகளுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் நீல நிற வில்லை ஒன்று இரண்டு கம்பிக் கால்களில் நின்றிருக்கும். குறுக்களவு 14 மில்லிமீட்டர். மேலே ‘14டி471கே’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். தனியாக வாங்கினால் ஒரு டீ விலைக்குள் அடங்கிவிடும். சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் படுக்கையறையின் பாதியைத் தடுத்து ஸ்டுடியோ ஆக்கிக்கொண்ட இசைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர், கீபோர்டு, பல வருஷத்து மெட்டுகள் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் என்று தங்கள் சம்பாத்தியம் முழுவதையும் இந்த வில்லையின் பின்னால்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அது என்ன செய்கிறது, எதைச் செய்யாது, எப்படிச் சாகிறது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கருவிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் கூட சுவரில் இருக்கும் சாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு இது நெடுநாள் வருத்தம்.

வில்லையின் முழுப்பெயர் மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர். கடையில் எம்ஓவி என்று கேட்க வேண்டும். அதன் உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு துத்தநாக ஆக்சைடு. ஆகவே அதன் கதை சுரங்கத்தில் தொடங்குகிறது.

துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது லேசான காரியம் இல்லை. 907 டிகிரி செல்சியஸில் அது கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து பிரியத் தேவையான சூடோ அதைவிட அதிகம். அதனால் செம்பு போல உலையடியில் வந்து தேங்காது. புகையாக மேலே போய், காற்றுப் பட்டதும் வெள்ளைப் பொடியாகிவிடும். அந்த ஆவியைக் காற்றுப் படாமல் மடக்கிக் குளிரவைக்கும் வித்தையை ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவரில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகளில் தாதுக் கலவையை நிரப்பி, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேல்பக்கம் தீ மூட்டி, கீழே இறங்கிய உலோகத்தைக் கலத்தில் பிடித்தார்கள். வேலை முடிந்த குடுவைகளை அடுக்கி அந்த ஊரில் சுவர்களே எழுப்பியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் துத்தநாகம் காய்ச்சி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல்தான். ஜாவர் உலைகள் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. இன்றைக்கும் அதே ராஜஸ்தானின் ராம்புரா ஆகுச்சா உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று.

நம் வில்லைக்கு வேண்டியது உலோகம் அல்ல, காற்றுப் பட்டதும் உண்டாகும் அந்த வெள்ளைப் பொடி. சுத்தமான துத்தநாகத்தை மறுபடி ஆவியாக்கி, வேண்டுமென்றே காற்றில் எரியவிட்டுப் பொடியைப் பிடிக்கிறார்கள். அதில் பெரும்பங்கு டயர் கம்பெனிகளுக்குப் போகிறது. கொஞ்சம் வேர்க்குருவுக்குத் தடவும் கலமைன் லோஷனுக்குப் போகிறது. இன்னொரு பங்கு பீங்கான் உலைக்குப் போகிறது. எந்தச் சுரங்கத்துப் பொடி எந்த உலைக்குப் போனது என்று வில்லையின் மேல் எழுதியிருப்பதில்லை.

பீங்கான் உலைக்குப் போன பொடிக்கு மின்சாரத் தொழிலில் இடம் கிடைத்தது ஜப்பானில். அதற்கு முன்னால் அந்த இடத்தில் சிலிகான் கார்பைடு இருந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 1930 வாக்கில் ‘தைரைட்’ என்ற பெயரில் அதை இடிதாங்கிக் கருவிகளுக்குப் பயன்படுத்தியது. அழுத்தம் கூடும்போது மின்தடை குறையும் குணம் அதற்கு உண்டு. ஆனால் அந்த மாற்றம் போதுமான அளவு கூர்மையாக இராது, சாதாரண நேரத்திலும் நிறையக் கசியும். ஒசாகாவின் மட்சுஷிதா எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் மிச்சியோ மட்சுவோகா 1960களின் பிற்பகுதியில் துத்தநாக ஆக்சைடுப் பீங்கானில் இதே குணத்தைப் பல மடங்கு கூர்மையாகக் கண்டார். 1971இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் உரிமம் பெற்று 1970களில் அமெரிக்காவில் தயாரித்தது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. மட்சுஷிதா 1918இல் பிளக், இரட்டைச் சாக்கெட் போன்ற வீட்டு மின்சாமான்கள் செய்து தொடங்கிய கம்பெனி. இன்று அதன் பெயர் பானசோனிக். பிளக் செய்து பிழைக்கத் தொடங்கிய இடத்திலிருந்தே பிளக்கின் பின்னால் இருப்பதைக் காக்கும் பொருளும் வந்தது எனக்கு மனநிறைவு தரும் செய்தி.

செய்முறை இது. துத்தநாக ஆக்சைடோடு பிஸ்மத், ஆன்டிமனி, கோபால்ட், மாங்கனீஸ் இவற்றின் ஆக்சைடுகளைச் சிறிதளவு சேர்த்து நீரில் அரைத்து, உலர்த்தி, வில்லையாக அழுத்தி, 1200 டிகிரி அளவில் சுடுகிறார்கள். சுட்ட வில்லையை நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணிய மணிகள் நெருக்கி அடுக்கியது தெரியும். ஒவ்வொரு மணியும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மணிக்குள் மின்சாரம் தாராளமாக ஓடும். ஆனால் மணிக்கும் மணிக்கும் நடுவில், பிஸ்மத் தங்கிய எல்லையில், ஏறக்குறைய 3 வோல்ட் வரை அசையாது. அதைத் தாண்டினால் சட்டென்று திறந்துகொள்ளும். இப்படி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை 150 எல்லைகள் வருமாறு வில்லையின் கனத்தை வைத்தால், மொத்தத்தில் 470 வோல்ட் வரை தாங்கும். ‘471’ என்பது அதுதான். 47க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ள வேண்டும். ‘கே’ என்றால் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். இரண்டு முகத்திலும் வெள்ளிப் பசை பூசி, கால்களைப் பற்றவைத்து, நீல எபாக்சியில் முக்கி எடுத்தால் வில்லை தயார்.

ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, வீட்டு மின்சாரத்துக்கு இந்த வில்லை அப்படி. நீர் மட்டம் கலிங்குக்குக் கீழே இருக்கிறவரை அங்கே ஒரு கல் இருப்பதே யாருக்கும் தெரியாது. மட்டம் ஏறினால் மிகுதி அந்த வழியாகப் போய்விடும், கரை உடையாது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அது அலையாக வருவதால் உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. 470 என்பது அதற்கு மேலே இருப்பதால் வில்லை வழியாக ஏதும் போகாது. எங்கேயோ இடி விழுந்து, அல்லது பக்கத்து லிஃப்ட் மோட்டார் நின்று, ஒரு நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்கு ஆயிரம் வோல்ட், இரண்டாயிரம் வோல்ட் என்று அழுத்தம் எகிறும்போது எல்லைகள் 150ம் ஒன்றாகத் திறக்கின்றன. இந்த எகிறலைத்தான் சர்ஜ் என்கிறோம், சிறியதாக இருந்தால் ஸ்பைக். 50 ஆம்பியர் பாயும்போது 14டி471கே தன் இரு முனைகளுக்கு நடுவே அழுத்தத்தை 775 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்தும். 230 வோல்ட்டில் ஓடும் வீட்டுச் சாதனங்கள் பொதுவாக 2,500 வோல்ட் வரையான நொடிப்பொழுது அதிர்ச்சியைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுபவை. ஆகவே 775 என்பது சாதனம் பிழைத்துக்கொள்ளும் இடம்.

கலிங்கில் வழிந்த நீருக்கு ஒரு வாய்க்கால் வேண்டும். எர்த்தோடு இணைத்த வில்லைக்கு அந்த வாய்க்கால் எர்த் கம்பி.

சென்னையில் இந்த வில்லை சில்லறையாகக் கைமாறும் இடம் ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் பிளாஸ்டிக் உறைகளில் நூறு நூறாகத் தொங்கும். ஆனால் ஸ்டுடியோக்காரர் வாங்குவது வில்லையை அல்ல, அது உள்ளே இருக்கும் பெட்டியை. பெட்டிக்குள் ஒரே ஒரு வில்லைதான் இருக்கிறதா, மூன்று இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்று, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்று என்று மூன்றும் இருந்தால்தான் எந்தப் பக்கத்திலிருந்து சர்ஜ் வந்தாலும் வழி இருக்கும். விலை குறைந்த பலவற்றில் முதல் வில்லை மட்டும் இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. அவை வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, பெயர் மட்டும் ஸ்பைக் கார்டு. வாங்குகிறவர் உறையைத் திருப்பி ஜூல் அளவும் ஆம்பியர் அளவும் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. தெர்மல் கட்-ஆஃப் என்று இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். வில்லை சூடேறினால் அதை மின்சுற்றிலிருந்து துண்டித்துவிடும் உருகி அது. அது இல்லாத வில்லை செத்துப்போகும்போது பெட்டியையே கொளுத்திவிடக்கூடும்.

நம் ஊரில் வீட்டிலேயே ஸ்டுடியோ என்பது இன்றைக்கு நேற்று வந்தது அல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை அமைத்தார். ‘ரோஜா’ வந்தது 1992இல். அதற்குப் பிறகு கணினி மலிந்தது, இன்டர்ஃபேஸ் மலிந்தது. பெரிய ஸ்டுடியோக்களில் தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி எர்த் குழி, மின்சாரத்தைக் கவனிக்கவே ஒரு ஆள் என்று இருந்ததெல்லாம் வீட்டு ஸ்டுடியோவுக்கு வரும்போது விட்டுப்போயிற்று. கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு அடியில் இருந்த ஏற்பாடு வரவில்லை.

வீட்டுக்கு வந்துசேர்ந்த முதல் நாளிலிருந்தே வில்லைக்கு வேலை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இடியை மட்டுமே நாம் நினைக்கிறோம். ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸர் நிற்கும்போதும், ஏசி கிளம்பும்போதும், கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாரை அணைக்கும்போதும் வீட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன ஸ்பைக்குகள் பிறக்கின்றன. ரெக்கார்டிங்கில் ஹெட்போனில் ‘டிக்’ என்று கேட்டு, ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதா என்று எழுந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்டுடியோவுக்கு மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபியில் தனி லைன் இழுத்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து. வீடு கட்டும்போது செய்தால் செலவு தெரியாது. ஏசி ஓடும் லைனிலேயே மைக்கையும் ஓட்டுவது கூடாது.

வில்லையின் வாழ்க்கையில் மிகப் பெரிய கேள்வி அது வந்து உட்காரும் சாக்கெட்டில் மூன்றாவது துளை உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்பதுதான். துளை இருக்கும். உள்ளே பச்சைக் கம்பி இணைத்திருக்க மாட்டார்கள். அல்லது இணைத்திருப்பார்கள், கம்பி எங்கோ சுவருக்குள் முடிந்துபோயிருக்கும். எர்த் இல்லாத வீட்டில் ஒரு அடையாளம் உண்டு. இரும்புப் பெட்டியில் வரும் இன்டர்ஃபேஸையோ கணினியின் பின்பக்கத்தையோ புறங்கையால் லேசாக உரசினால் அரம் தேய்ப்பது போல் ஒரு நமைச்சல் தெரியும். பாட வந்தவர் மைக்கின் கம்பி வலையில் உதடு பட்டதும் ‘சுருக்’ என்றது என்பார். கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, ஃபேஸையும் நியூட்ரலையும் சின்னக் கப்பாசிட்டர்கள் வழியாகப் பெட்டியோடு இணைத்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவில், 115 வோல்ட் அளவில், தொங்கிக்கொண்டிருக்கும். ஓடும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஆள் சாவதில்லை. ஆனால் அது ‘எர்த் இல்லை’ என்று வீடே வாய்விட்டுச் சொல்லும் சொல். அதைக் கேட்டும் அன்றைய ரெக்கார்டிங்கைத் தொடர்கிறோம்.

இதைவிடக் கொடியது, இருக்கிற எர்த்தை வேண்டுமென்றே வெட்டுவது. ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கிறது. இரண்டு சாதனங்கள் இரண்டு சாக்கெட்டுகளிலிருந்து எர்த் வாங்கி, ஆடியோ கேபிள் வழியாகவும் இணைந்திருப்பதால் ஒரு வளையம் உண்டாகி அதில் மின்சாரம் சுற்றுகிறது. யாரோ ஒருவர் ‘எர்த் பின்னை ஒடிச்சிடு, போயிடும்’ என்கிறார். ஒடித்தால் ஹம் போய்விடும் என்பது உண்மைதான். கூடவே பாதுகாப்பும் போய்விடும். அதற்குப் பிறகு கருவிக்குள் ஒரு ஃபேஸ் கம்பி கழன்று பெட்டியைத் தொட்டால், பாதையாக இருக்கப்போவது கிடார் கம்பியில் ஒரு கையும் மைக்கில் உதடுமாக நிற்கும் மனிதர். 1972 மே 3ஆம் தேதி ஸ்வான்ஸி நகரத்து மேடையில் ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976 மே மாதம் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே, எலெக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது, எர்த் சரியில்லாத கருவியால் இறந்தார். மேடையில் மட்டும் நடக்கும் விபத்து அல்ல இது, வீட்டிலும் நடந்தது. ஹம் போக வேறு வழி இருக்கிறது. எல்லாச் சாதனத்தையும் ஒரே சாக்கெட்டிலிருந்து கிளை பிரித்துக் கொடுக்கலாம். பேலன்ஸ்டு கேபிள் போடலாம். கிடாருக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் வைக்கலாம். எர்த் பின்னை ஒடிப்பவரை ஸ்டுடியோவுக்குள் விடவே கூடாது.

எர்த் என்பது கடைசியில் மண்தான். பழைய வீடுகளில் கொல்லையில் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவார்கள். மேலே ஒரு புனலும் மூடியும் இருக்கும். கோடையில் அந்தப் புனலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மண் காய்ந்தால் மின்சாரம் இறங்காது. சித்திரை, வைகாசியில் ஊற்றும் ஆள் முன்பெல்லாம் வீட்டில் ஒருவர் இருந்தார். இப்போது அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. கார் நிறுத்த டைல்ஸ் போட்டு மூடிவிட்டார்கள். சித்திரையில்தான் கோடை இடியும் வருகிறது. மண் மிகவும் காய்ந்திருக்கும் மாதத்திலேயே எர்த்துக்கு மிகுந்த வேலை என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

எர்த் இருக்கிறதா என்று நல்ல எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்து இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் இருந்தால் நல்லது. ஏசி, ஹீட்டர் எல்லாம் ஓடும்போதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் துளிகூட வித்தியாசம் காட்டாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். எர்த் கம்பி வராத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் உள்ளேயே இணைத்து ‘எர்த் கொடுத்தாச்சு’ என்று போய்விடுகிற பழக்கம் உண்டு. அந்த வீட்டில் நியூட்ரல் அறுந்த நாளில் கருவிகளின் பெட்டியெல்லாம் ஃபேஸாகிவிடும்.

இடி விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மின்னல் ஒன்றில் பாயும் மின்சாரம் பொதுவாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். வீட்டின் மேலேயே விழுந்தால் மேஜைக்கடியில் இருக்கும் வில்லை ஒன்றும் செய்துவிட முடியாது. தெருவில் தூரத்தில் விழுந்து கம்பி வழியே வரும் மிச்சத்தை மட்டுமே அது சமாளிக்கும். அதற்கும் துணை வேண்டும். மீட்டருக்குப் பக்கத்தில் மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி என்ற பெரிய சகோதரனைப் பொருத்தினால் வெள்ளத்தில் பெரும்பங்கு அங்கேயே மண்ணுக்கு இறங்கிவிடும். அதற்குள் இருப்பதும் இதே துத்தநாக வில்லைதான், கொஞ்சம் பெரிய அளவில். அதை இணைக்கும் கம்பி மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அழகுக்காகச் சுருட்டிச் சுற்றி விட்டால், அத்தனை வேகத்தில் வரும் சர்ஜுக்கு அந்தக் கம்பியே தடையாகிவிடும்.

பக்கவாட்டில் இன்னொரு கதவு இருக்கிறது. பலருடைய சாமான் போனது அந்த வழியில்தான். ஸ்பைக் கார்டு நன்றாக இருந்தது, ஆனாலும் மதர்போர்டு போய்விட்டது, யூஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸும் போய்விட்டது என்பார்கள். மாடியிலிருந்து இறங்கும் லேன் கேபிள் அல்லது டிஷ் ஆன்டெனாக் கேபிள் வேறு வழியாக வீட்டுக்குள் வந்திருக்கும். வில்லை சர்ஜை எர்த்துக்குள் தள்ளும்போது எர்த் கம்பியின் மட்டமே ஒரு கணம் பல நூறு வோல்ட் ஏறிவிடுகிறது. லேன் கேபிள் அந்த மட்டத்தோடு ஏறாமல் பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கணினி உடைகிறது. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா மார்ட்ஸ்லாஃப் இந்த விஷயத்தை விடாமல் எடுத்துச் சொன்னவர். மின்கம்பியும் தகவல் கம்பியும் ஒரே இடத்தில், ஒரே எர்த்தைத் தொட்டுக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டும் என்பது அவருடைய பேச்சின் சாரம். அது முடியாத வாடகை வீட்டில், வானம் கறுத்தால் பிளக்கோடு சேர்த்து லேன் கேபிளையும் பிடுங்கி வைப்பதுதான் வழி. சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்குத் தடையே இல்லை.

வில்லை மெல்ல மெல்லச் சாகிறது. ஒவ்வொரு சர்ஜும் சில மணி எல்லைகளை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டுப் போகிறது. 470 கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. சாதாரண 325 வோல்ட் உச்சத்திலேயே கசியத் தொடங்குகிறது. கசிந்தால் சூடு, சூடானால் இன்னும் கசிவு. ஒருநாள் தெர்மல் கட்-ஆஃப் அதைத் துண்டிக்கிறது. பெட்டியின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அது மின்சாரம் வருகிறது என்று மட்டுமே சொல்கிறது. ‘புரொட்டெக்டட்’ என்று தனி விளக்கு உள்ள பெட்டியை வாங்கச் சொல்வது இதனால்தான்.

ஒரே அடியில் சாகவும் செய்யும். நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவில் அப்படி ஆயிற்று. மழை இரவு, இடி இல்லை. வோக்கல் மிக்ஸிங் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அறை விளக்கு வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது, ஃபேன் தலைக்கு மேலே பேய் வேகம் பிடித்தது. பக்கத்து ஃபிளாட்டில் அதே நேரம் விளக்கு மங்கி டிவி அணைந்தது. சில வினாடிகளில் மேஜைக்கடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கருகிய மீன் போல ஒரு நெடி வந்தது. தெருவில் நியூட்ரல் அறுந்திருந்தது. மூன்று ஃபேஸ் வரும் கட்டடத்தில் நியூட்ரல் போனால், குறைவான சுமை உள்ள வீட்டுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறும். அதன் உச்சம் 565. வில்லையின் 470ஐ அது தாண்டிவிடுகிறது. நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குத் தாங்குவதற்காகச் செய்த பொருள், நொடிக்கு நூறு தடவை, விடாமல் திறந்து திறந்து எரிந்துபோயிற்று. அது ஷார்ட் ஆனதால் பெட்டியின் ஃபியூஸ் போய், பின்னால் இருந்தவை பிழைத்தன. எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது. நியூட்ரல் அறுவதற்கு வில்லை மருந்தே அல்ல. ஹை-லோ கட்-ஆஃப் என்று கிடைக்கும் கருவிதான் மருந்து. 270 வோல்ட்டைத் தாண்டினாலும் 180க்குக் கீழே போனாலும் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் சீரான பிறகு சில நிமிஷம் காத்திருந்து மறுபடி கொடுக்கும். ஸ்டெபிலைசர் மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு, வில்லை மின்னல் வேக எகிறலுக்கு, கட்-ஆஃப் நியூட்ரல் போன நேரத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. யூபிஎஸ் வாங்கிவிட்டோமே என்கிறவருக்கும் இதையேதான் சொல்வேன். மின்சாரம் போகும் கணத்தில் பாட்டைச் சேமித்துக்கொள்ள அது அவசியம். ஆனால் அதற்குள் இருப்பதும் இதே நீல வில்லை, அதற்கும் இதே எர்த் வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகு பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாள் கணக்கானது. அப்படி ஒரு பெரிய துண்டிப்புக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் போடக் கூடாது. முதலில் ஒரு பல்பைப் போட்டுப் பார்த்து, வோல்ட் மீட்டரைப் பார்த்து, கால் மணி நேரம் விட்டு, பிறகு கணினி, அப்புறம் இன்டர்ஃபேஸ், கடைசியில் ஸ்பீக்கர் என்று வரிசையாகப் போட வேண்டும்.

நண்பரின் அந்தப் பெட்டியை ரிப்பேர் மேஜையில் திறந்தபோது நானும் கூட இருந்தேன். நீல எபாக்சி ஒரு பக்கம் வெடித்து, உள்ளே பீங்கான் கறுத்து, நடுவில் குண்டூசி முனையளவு ஒரு ஓட்டை தெரிந்தது. மின்சாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து துளைத்திருந்தது. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் கரி படிந்திருந்தது. ரிப்பேர்காரர் செத்த வில்லையை வெட்டி எடுத்துவிட்டு, 20 மில்லிமீட்டர் வில்லையாகப் போட்டார். அதே 471, ஆனால் அகலம் கூடுதல் என்பதால் இன்னும் சில ஆயிரம் ஆம்பியர் கூடுதலாகத் தாங்கும். பெட்டியின் அடியில் மார்க்கரால் மாதமும் வருஷமும் எழுதச் சொன்னார். மூன்று நான்கு மழைக்காலம் கண்ட பெட்டியை, விளக்கு எரிந்தாலும், மாற்றிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மாற்றிய பழைய பெட்டியை என்ன செய்வது என்பதில் ஒரு கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டிய சாமான் அது. நடைமுறையில் பெரும்பாலும் பழைய சாமான் கடைக்குத்தான் போகிறது. அங்கே செம்பும் பித்தளையும் பிரிந்து உருக்கும் உலைக்குப் போகும். வில்லையை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் பெட்டி முழுசாக, வயரோடு போனால் பிரிக்கவும் மாட்டார்கள். துடைத்து வைத்து விற்பார்கள். வாங்குகிறவர் பிளக்கைச் செருகிப் பார்ப்பார், விளக்கு எரியும், ஃபோன் சார்ஜ் ஏறும். உள்ளே வில்லை செத்திருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் கொடுப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பெட்டியை ஒட்டி வயரை வெட்டிவிடுங்கள்.